வண்டியின் முன்னால் தொங்கும் பிளக் எதற்கு?

கருணாபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் அக்கா மகன் கனடாவில் வின்னிபெக் நகரத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அங்கே பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினான். அதன் கிரில்லுக்கு வெளியே மூன்று பின் பிளக் ஒன்று தொங்குகிறதாம். அது எதற்கு? எங்கள் தெருப் பையன் ஒருவன் லாரியில் லடாக்கின் லே வரைக்கும் லோடு ஏற்றிப் போகிறான். அவன் வண்டிக்கும் அதை வாங்கி மாட்டலாமா?”

இரண்டும் நல்ல கேள்வி. ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல. உங்கள் மருமகனுக்கு அந்தப் பிளக்தான் உயிர்நாடி. லாரித் தம்பிக்கு முதல் பிரச்சினை என்ஜின் இல்லை, டீசல்.

மருமகனிடமிருந்து தொடங்குவோம். அந்தப் பிளக் என்ஜின் பிளாக் ஹீட்டருடையது. என்ஜின் பிளாக்கில் கூலன்ட் ஓடும் அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டிங் காயில் இருக்கும். கரண்ட் கொடுத்தால் கூலன்ட் சூடாகும், அந்தச் சூடு இரும்புக்கும் ஆயிலுக்கும் ஏறும். பெரும்பாலும் 400 முதல் 1000 வாட்ஸ் வரை இருக்கும். இதற்கு முன்னோடி அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் செய்த ஹீட்டர். 1949-ல் காப்புரிமை பெற்றார். பழைய இஸ்திரிப் பெட்டியின் காயிலை வைத்துத்தான் முதலில் செய்து பார்த்திருக்கிறார். குளிரில் அவதிப்பட்டவன் கையில் பிறந்த கருவி அது.

வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20-க்குக் கீழே போவது சாதாரணம். அந்தக் குளிரில் ஆயில் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இறுகிவிடும். செல்ஃப் மோட்டார் அதைத் தள்ளிக்கொண்டு என்ஜினைச் சுற்ற வேண்டும். அதே நேரத்தில் பேட்டரியின் பலமும் பாதிக்குப் பக்கமாக இறங்கியிருக்கும். வேலை கூடுகிறது, பலம் குறைகிறது. அங்கேதான் வண்டி ‘கொர்... கொர்...’ என்று நின்றுவிடுகிறது. அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் ஆயில் மேலே ஏறிச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உரசும். அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் என்ஜினின் ஆயுளைத் தின்னும்.

வெப்பநிலை மைனஸ் 15-க்குக் கீழே போனால் பிளக்கை மாட்டச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க வேண்டாம். வண்டி எடுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் போதும், கடுங்குளிரில் நான்கு மணி நேரம். அதற்குமேல் ஏறும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிடும். 500 வாட்ஸ் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். பத்து மணி நேரம் விட்டால் ஐந்து யூனிட். வெளியில் வைக்கத் தகுந்த டைமர் ஒன்று வாங்கிவிட்டால் விடியற்காலையில் எழுந்து பனியில் நடக்க வேண்டியதில்லை.

வயர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. வெளியில் போடுவதற்கென்று விற்கும், எர்த் உள்ள தடித்த எக்ஸ்டென்ஷன் வயர்தான் வேண்டும். வீட்டுக்குள் டேபிள் ஃபேனுக்குப் போடும் மெல்லிய வயர் சூடேறி உருகும். வயரைச் சுருட்டி வைத்தபடியே கரண்ட் கொடுத்தாலும் அதே கதிதான், முழுதாகப் பிரித்துப் போட வேண்டும். சில பொதுப் பார்க்கிங் இடங்களில் கரண்ட் விட்டு விட்டு வரும். அது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, பழுது என்று நினைக்க வேண்டாம். புறப்படும்போது பிளக்கைக் கழற்ற மறப்பவர்கள் நிறையப் பேர். டிரைவர் கதவுப் பக்கமாக வயரைக் கொண்டு வந்து மாட்டினால் மறக்காது.

பழைய வண்டி என்பதால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் வெளியே தொங்குவதால் மட்டும் உள்ளே காயில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மாட்டியதும் என்ஜின் பக்கம் காதை வைத்தால் பல வண்டிகளில் மெல்லிய ‘உஸ்’ சத்தம் கேட்கும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. கனடாவில் 120 வோல்ட். 400 வாட்ஸ் ஹீட்டரானால் பிளக்கின் இரண்டு தட்டைப் பின்களுக்கு இடையே ஏறக்குறைய 36 ஓம் காட்டும், 600 வாட்ஸானால் 24. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயிலோ வயரோ அறுந்திருக்கிறது. தட்டைப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே தொடர்பு காட்டினால் மாட்டவே கூடாது, ஷாக் அடிக்கும். கூலன்ட் குறைந்து உள்ளே காற்று நின்றாலும் காயில் எரிந்துபோகும்.

கூலன்டில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தண்ணீரே கலக்காமல் முழுக்கக் கூலன்டையே ஊற்றினால் இன்னும் குளிர் தாங்கும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். ஆயிலும் 0W அல்லது 5W என்று தொடங்குவதாக, அந்த வண்டியின் புத்தகத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். நம் லாரிகளில் ஊற்றும் 15W-40-க்கு, குளிரில் செல்ஃப் சுற்றுமா என்று பார்க்கும் சோதனையே மைனஸ் 20-ல்தான். 0W ஆயிலுக்கு அது மைனஸ் 35.

இனி லாரித் தம்பி. பிளாக் ஹீட்டர் என்ஜினைச் சூடாக்கும், டேங்கைச் சூடாக்காது. டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர் கூடக்கூட அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். என்ஜின் எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் டீசல் வராமல் வண்டி ஓடாது. நம் நாட்டுத் தர விதிப்படி கோடைக் கால டீசல் 18 டிகிரி வரையிலும், குளிர்கால டீசல் 6 டிகிரி வரையிலும் ஃபில்டரில் அடைக்காமல் போனால் போதும். நம் பக்கம் நிரப்பும் டீசல் லடாக்குக்கென்று செய்தது அல்ல. அதனால்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென்றே தனிக் குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. பானிபட் ஆலையில் தயாராகும் அது மைனஸ் 33 வரை உறையாமல் ஓடும்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது இதுதான். நம்மூர் டீசலை டேங்க் நிறையச் சுமந்துகொண்டு மலை ஏறாதே. முடிந்தவரை காலியாக்கிக்கொண்டு போய் அங்கே கிடைக்கும் குளிர்கால டீசலை நிரப்பு. நிரப்பியதும் நிறுத்திவிடாமல் கொஞ்ச தூரம் ஓட்டு, புது டீசல் ஃபில்டர் வரைக்கும் வந்து சேரட்டும். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடு. இப்போதைய பிஎஸ்-6 வண்டிகளின் பம்பும் இன்ஜெக்டரும் அதைத் தாங்காது. டேங்குக்கு அடியில் ஸ்டவ் வைப்பது, துணியை எரித்துக் காட்டுவது எல்லாம் லாரியோடு உயிரையும் பணயம் வைக்கும் வேலை.

அதைவிடப் பெரிய ஆபத்து கேபினுக்குள் இருக்கிறது. குளிருக்குப் பயந்து கரி அடுப்பை உள்ளே வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்காதே. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். என்ஜினை ஓடவிட்டபடி படுத்தாலும், பனி கொட்டி சைலன்சர் வாயை மூடினால் அதே விஷ வாயுதான் உள்ளே வரும். கனடாவில் இருக்கும் மருமகனுக்கும் இது பொருந்தும். மூடிய கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடேற்றவே கூடாது.

மலைப் பாதையில் கரண்ட் பாயின்ட் கிடைக்காது என்பதால் லாரிக்கு பிளாக் ஹீட்டரால் பெரிய பலனில்லை. வண்டியின் டீசலையே எரித்துக் கூலன்டைச் சூடாக்கும் ஹீட்டர்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் குளிர்காலத்தில் போகிற வண்டியானால் கம்பெனியிடம் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம். யாராவது கனடாவிலிருந்து பிளாக் ஹீட்டர் கொண்டு வந்தால் இங்கே மாட்டாதீர்கள். 120 வோல்ட் காயிலுக்கு நம் 230 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடு ஏறி எரிந்துவிடும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் டீசல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். மார்கழிக் காலையில் வண்டி முரண்டு பிடித்தால் காரணம் பேட்டரியாகவோ டீசல் என்ஜினுக்குள்ளேயே உள்ள ஹீட்டர் பிளக்காகவோ (குளோ பிளக்) இருக்கும். சாவியைத் திருப்பி, மீட்டரில் அந்தச் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள்.

கடைசியாக ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். கனடாவில் கண்ணாடி துடைக்க ஊற்றும் நீல நிறத் திரவம் உறையாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் மெத்தனால்தான் காரணம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன விஷச் சாராயத்தில் இருந்ததும் அதே மெத்தனால். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலும் விஷம், அதுவும் இனிப்பாக இருக்கும், குழந்தையும் நாயும் ருசித்துக் குடிக்கும். இரண்டையும் ஒருபோதும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வொர்க்‌ஷாப்பில் வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் விடாதீர்கள். யாராவது குடித்துவிட்டால் கண் மங்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் சில மணி நேரம் ஒன்றும் இல்லாதது போலத் தெரியும், அந்த நேரத்தில் கொண்டுபோனால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். மாற்று மருந்து இருக்கிறது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.