கோடைத் தோட்டமும் நீரிழிவு நோயாளியின் பாதமும்

பங்குனி, சித்திரை மாதங்களில் கல்லல் வட்டாரத்து வீடுகளின் கொல்லைகளில் கோடைக் காய்கறிக்கான பணிகள் தொடங்குகின்றன. பாத்தி கொத்தி வெண்டை, கொத்தவரை, கீரை விதைத்தல், புடலுக்கும் பீர்க்குக்கும் பந்தல் இடுதல், ஈரம் காக்கச் செடியின் அடியில் சருகு கொண்டு மூடாக்கு இடுதல், முள்வேலியைச் செப்பனிடுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவ்வுழைப்பு நீரிழிவு உள்ளவர்களுக்கு நன்மை தருவதாகும். எனவே இதனைக் கைவிடுமாறு நாங்கள் கூறுவதில்லை. பாதத்தைக் காத்துக்கொண்டு செய்யுமாறு அறிவுறுத்துகிறோம்.

நீடித்த நீரிழிவு நரம்புகளைப் பாதித்துப் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கிறது. சுடுமண்ணில் கொப்புளம் எழுவதும், முள் தைப்பதும் அத்தகையோருக்குத் தெரிவதில்லை. வலி இல்லாததால் அவர்கள் தொடர்ந்து நடக்கின்றனர், புண் ஆழமாகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கிருமித்தொற்று எலும்பு வரை பரவக்கூடும். காலை இழக்க நேரும் துயரம் பெரும்பாலும் இத்தகைய சிறு புண்ணிலிருந்தே தொடங்குகிறது.

காலணி: சீமைக் கருவேல முள் மெல்லிய ரப்பர் செருப்பை எளிதில் துளைத்துவிடும். தடித்த அடிப்பகுதியுடைய, விரல்களை மூடும் காலணியைப் பருத்திக் காலுறையுடன் அணிய வேண்டும். அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கல்லோ தேளோ இல்லை என உறுதிசெய்ய வேண்டும். மூடாக்கைக் கிளற வெறுங்கையைப் பயன்படுத்தலாகாது.

நேரமும் உணவும்: வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் பணி செய்க. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உண்ணாமல் தோட்டத்தில் இறங்கக்கூடாது. சர்க்கரை தாழும்போதும் வியர்க்கும். அதனை வெயிலின் வியர்வை என எண்ணிவிட நேரிடும். வியர்வையுடன் நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் நிழலில் அமர்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து பருகவேண்டும். 15 நிமிடங்களில் குறையாவிடில் மீண்டும் பருகவேண்டும். தெளிந்தபின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

பணி முடிந்தபின்: பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமின்றித் துடைக்க வேண்டும். உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கலாம். பார்வை குறைந்தவர்களுக்குக் குடும்பத்தினர் நாள்தோறும் பார்த்துச் சொல்வதே சிறந்த உதவி. ஆழத் தைத்த முள்ளை ஊசியால் தோண்டுதல், சுண்ணாம்பு தடவுதல், வெந்நீரில் கால் அமிழ்த்துதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முள் தைத்த இடத்தையோ கொப்புளத்தையோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம், சீழ், நிறம் கறுத்தல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் வலி வரட்டும் எனக் காத்திருக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் அவ்வலி வாராமலே போகலாம்.