குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 67. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். வாலிப வயதிலிருந்து 28 இன்ச் சைக்கிள்தான். கடைத்தெரு, வயல் எல்லாம் அதில்தான் போய் வருகிறேன். இப்போது கேரியரில் மூட்டை இருந்தால் காலைத் தூக்கிப்போட்டு ஏற முடியவில்லை, இறங்கும்போதும் தடுமாறுகிறேன். மேட்டில் மிதித்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. பழையதை விற்க மனமில்லை, இரண்டாவதாக ஒன்று வாங்க நினைக்கிறேன். மகன் ஷாக் அப்சார்பர் வைத்த கியர் சைக்கிள் வாங்கச் சொல்கிறான். கடைக்காரர் லேடீஸ் சைக்கிளைக் காட்டுகிறார். இந்த வயதில் அதில் போனால் ஊர் என்ன சொல்லும்?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: கடைக்காரர் சரியானதைத்தான் காட்டியிருக்கிறார். ஓட்டும்போது உங்களுக்குத் தடுமாற்றம் இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அதனால் காலை எவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியரும் டயரும் அப்புறம்.

ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியது உங்களுக்கு நினைவிருக்கும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தேவைக்கு ஏற்ற வண்டியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலும் நெதர்லாந்திலும் தாழ்ந்த பிரேம் சைக்கிளில் ஆண்கள் சர்வசாதாரணமாகப் போகிறார்கள்.

அடுத்து முட்டி. முன்பக்க வலிக்குச் சீட் தாழ்ந்திருப்பது அடிக்கடி காரணமாகிறது. பழைய சைக்கிளிலேயே இன்று சோதித்துப் பாருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போதுதான் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முட்டி இலேசாக மடங்கியிருக்கும்; அதுதான் சரியான அளவு. குதிகால் வைத்தபோதே முட்டி மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள். ஒரேயடியாக வேண்டாம், நாலைந்து நாளுக்கு அரை அங்குலம் போதும்.

சீட் இந்த உயரத்துக்கு வந்ததும் பலர் பயந்துபோய் மறுபடி இறக்கிவிடுகிறார்கள். உட்கார்ந்தபடி கால் முழுதாகத் தரையில் ஊன்றாது, விரல்நுனிதான் தொடும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கிக் காலை ஊன்றப் பழக வேண்டும். குறுக்கே கம்பி இருந்தால் அது இடிக்கும். தாழ்ந்த பிரேமில் முன்னால் வெற்றிடம் இருக்கிறது. முட்டிக்கு வேண்டிய சீட் உயரத்தையும் காலுக்கு வேண்டிய தரையையும் ஒருசேரத் தருவது அந்தப் பிரேம்தான். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதும் அதனால்தான்.

மகன் சொல்வதில் கியர் நல்ல யோசனை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். முன்னால் 38, பின்னால் 28 என்று மாற்றிக்கொண்டால் ஒன்றரைச் சுற்றுகூட வராது. வேகம் குறையும், மேட்டில் முட்டிக்குப் பாரமும் குறையும். முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் ஆறேழு கியரும் தாராளம். ஷாக் அப்சார்பர் வேண்டாம். மலிவு விலையில் வருவது வண்டியின் எடையைத்தான் கூட்டும். ஒன்றேமுக்கால் அங்குல டயரில் கல் மாதிரி இறுகக் காற்றடிக்காமல் வைத்தாலே குலுக்கல் அடங்கும்.

ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ இரண்டு விரற்கடை உயரத்திலோ இருக்கட்டும். தாழ்ந்தால் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கும். உயர்த்தும்போது அதன் தண்டில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது. சீட் இடுப்பெலும்பின் இரு முனைகளையும் தாங்கும் அகலத்தில், ஸ்பிரிங்கோடு இருந்தால் நல்லது. மெத்தென்ற ஜெல் உறை வாங்காதீர்கள். எலும்பு உள்ளே அமிழ்ந்து, நடுவில் உள்ள மென்மையான இடம் நசுங்கும். பிரேக் அலுமினிய ரிம்மைப் பிடிப்பதாக இருக்கட்டும். பழைய வண்டியின் இரும்பு ரிம்மில் மழை நாளில் பிரேக் வழுக்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே வண்டியைத் தூக்கி ஒரு படி ஏற்றிப் பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். முட்டியில் வீக்கமோ, ராத்திரியிலும் வலியோ இருந்தால் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு குறையும் உண்டு. தாழ்ந்த பிரேம், பின்னால் பாரம் ஏறினால் கொஞ்சம் ஆடும். காய்கறிப் பைக்கு முன்கூடை போதும். நெல் மூட்டை போகும் நாளில் பழைய வண்டியை எடுங்கள். ஏற வேண்டாம், தள்ளிக்கொண்டே போங்கள்.