குறி பிழையாமை: சுடுவிளையாட்டில் புதிதாய்ப் புகுவோர்க்கு

1999இல் தோன்றிய 'கவுண்டர் ஸ்ட்ரைக்' முதல் 2021 சூலையில் வெளிவந்த 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' வரை, இணையவழிச் சுடுவிளையாட்டுகளில் புதியோர் தோற்பது விரல் வேகக் குறைவால் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மதுரையில் நம் மாணவர் ஆடக் கண்டவரை, திரை நடுவிலுள்ள குறிப்புள்ளி தரை நோக்கியே கிடக்கின்றது. எதிரி தோன்றிய பின்னரே அதனை உயர்த்துகின்றனர். அவன் தலை வரக்கூடிய உயரத்தில் முன்னரே நிறுத்தித் திருப்பத்தை அணுகுபவனுக்குச் சிற்றசைவே போதும்.

ஓடிக்கொண்டே சுட்டால் குண்டுகள் சிதறும், நின்று சுடுக. விசையை விடாது அழுத்தின் துப்பாக்கி மேலெழும். தொலைவிலுள்ளானை இரண்டு மூன்று குண்டுகளாகச் சுடுதலே தக்கது. உணர்திறன் அளவை நாள்தோறும் மாற்றுவோர்க்குக் கை பழகுவதில்லை. (வல்வில் ஓரி நாளுக்கொரு வில் எடுத்திருப்பானா?) செவிக்கருவி அணிந்தால் காலடியோசை திசை காட்டும்.

பயிற்சிக் களத்தில் கால் மணி நேரம், பின்னர் இரண்டு ஆட்டம். தேர்வுக்கு முந்தைய இரவில் அதுவும் வேண்டா.