கைப்பேசியும் கற்பித்தலும்

தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் 2018-ஆம் ஆண்டு முதல் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பெற்றன. கைப்பேசியை அவற்றின்மேற் காட்டின், பாடத்திற்குரிய காட்சிகள் திரையில் தோன்றும். ஆயினும், 2020-இல் கொள்ளைநோயாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, அக்கருவியில்லா இல்லத்துச் சிறார் பலர் பின்தங்கினர். ஆதலின், ஒரு கருவி பலர்க்கும் பயன்படுமாறு பாடத்தை வகுத்தல் ஆசிரியராகிய நம் கடனாம்.

திருவான்மியூர்க் கடற்கரையில் இதனைச் செய்து காண்போம். நால்வர்க்கு ஒரு கைப்பேசி போதும். ஒருவர் அதன் கடிகாரத்தை இயக்குக; ஒருவர் கரைசேரும் அலைகளை எண்ணுக; ஒருவர் எழுதுக; ஒருவர் கணக்கிடுக. முதலாம் அலைக்குத் தொடங்கிப் பத்தாம் அலைக்கு நிறுத்தின், இடைவெளிகள் பத்தல்ல, ஒன்பதே. கடிகாரம் நொடியின் நூற்றிலொரு கூற்றையும் காட்டும். எண்ணிக்கைப் பிழையைக் காட்டாது. அப்பிழையை நால்வரும் வாதிட்டுத் தாமே காணும்பொழுதே பாடம் தொடங்குகின்றது.