எதிர்ப்பக்கம் மைனஸில் வருகிறதே!

கேள்வி: பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கிறேன். அப்பா கொத்தனார். சாய்ப்பு இறக்கும்போது தகரம் எவ்வளவு நீளம் வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்பார். அதற்காகச் செங்கோண முக்கோணத்துக்கு ஒரு கால்குலேட்டரைப் பைத்தானில் எழுதினேன். இரண்டு பக்கம் கொடுத்தால் கர்ணம் சரியாக வருகிறது. ஆனால் கர்ணம் 10 அடி, கோணம் 30 டிகிரி என்று கொடுத்தால், எதிர்ப்பக்கம் 5 வர வேண்டிய இடத்தில் -9.88 வருகிறது. எங்கே தப்பு? இன்னொன்று: வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் காணும் போதையனார் கணக்கை எங்கள் தமிழாசிரியர் சொன்னார். அதையே நிரலில் போட்டுவிடலாமா?

– மாணவி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் சூத்திரம் சரி, அலகுதான் மாறிவிட்டது. பைத்தானின் சைன், காஸ், டேன் மூன்றும் கோணத்தை ரேடியனில்தான் வாங்கும். ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 டிகிரி. நீங்கள் கொடுத்த 30-ஐ அது 30 ரேடியன், அதாவது ஏறத்தாழ 1,719 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. நாலு முழுச் சுற்றுக்கு 1,440 போக மிச்சம் 279 டிகிரி. அந்த இடத்தில் சைனின் மதிப்பு -0.988. அதைப் பத்தால் பெருக்கியதுதான் உங்கள் -9.88.

மைனஸ் வந்தது நல்லதாய்ப் போயிற்று. 30-க்குப் பதில் 45 கொடுத்திருந்தால் 8.51 என்று வந்திருக்கும். சரியான விடை 7.07. பார்த்தால் சந்தேகமே வராது. அந்த அளவை நம்பி அப்பா வேலையைத் தொடங்கியிருப்பார். ஆகவே கோணத்தை வாங்கியவுடன் மேத் தொகுப்பில் உள்ள ரேடியன்ஸ் செயற்கூற்றில் கொடுத்து மாற்றிவிடுங்கள். கோணம் விடையாக வரும்போது டிகிரீஸ் கொண்டு திருப்புங்கள். இப்போது 5-க்குப் பதில் 4.999999999999999 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கணினி பின்னங்களை இரண்டடிமான எண்ணில் வைத்திருப்பதால் கடைசி இலக்கத்தில் வரும் இழுபறி அது. திரையில் காட்டும்போது மட்டும் ரவுண்ட் செய்யுங்கள். கணக்கின் நடுவில் செய்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

போதையனார் பெயரில் சொல்லப்படும் கணக்குக்கு வருவோம். பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம். 4-க்கும் 3-க்கும் போட்டுப் பாருங்கள்: 3.5 கூட்டல் 1.5, சரியாக 5. 12-க்கும் 5-க்கும் 10.5 கூட்டல் 2.5, சரியாக 13. காகிதமே இல்லாமல் மனக்கணக்காக இதைப் போட முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் இரண்டு பக்கமும் 10 அடி என்று வைத்தால் 13.75 வருகிறது, உண்மையான கர்ணம் 14.14. தகரம் கிட்டத்தட்ட 4¾ அங்குலம் குறையும். 20-க்கும் 2-க்கும் போட்டால் 18.5. கர்ணம் பக்கத்தைவிடச் சின்னது! அப்படி ஒரு முக்கோணமே கிடையாது.

ஏன் இப்படி? இந்தக் கணக்கையும் பிதாகரஸ் தேற்றத்தையும் சமப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். அதற்கு இரண்டே தீர்வுகள்: சின்னப் பக்கம் பெரியதில் நாலில் மூன்று, அல்லது பன்னிரண்டில் ஐந்து. இந்த இரண்டு வடிவங்களுக்கு மட்டும்தான் விடை அச்சாகப் பொருந்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்களில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் குறையத் தொடங்குகிறது. கருவி இல்லாத இடத்தில் மதிப்பிட இது அருமையான வழி. கணினிக்கு வர்க்கமூலம் ஒரு சுமையே இல்லை என்பதால் நிரலில் இதைப் போடாதீர்கள். கர்ணம் காண ஹைபாட் என்ற செயற்கூறே இருக்கிறது. போதையனார் கணக்கைத் தனியாக ஒரு வரியில் எழுதி, வித்தியாசத்தைப் பக்கத்திலேயே காட்டுங்கள். தமிழாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். பைத்தான் 3-இல் மாறிகளுக்குக் கர்ணம், உயரம் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதையும் செய்யுங்கள்.

தப்பான உள்ளீட்டை மறுக்கவும் நிரலுக்குத் தெரிய வேண்டும். கர்ணம் 8, பக்கம் 10 என்று யாராவது கொடுத்தால் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் போய் வேல்யூ எரர் வரும். அதற்கு முன்பே நீங்கள் தடுத்து, கர்ணம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று தமிழில் சொல்லுங்கள். பக்கம் -3 என்று கொடுத்தாலோ எந்தப் புகாரும் இல்லாமல் விடை வரும், ஏனென்றால் வர்க்கம் எடுத்தவுடன் மைனஸ் மறைந்துவிடுகிறது. இரண்டு கோணங்களை மட்டும் கொடுத்தால் வடிவம் தெரியும், அளவு தெரியாது. அதையும் மறுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அளப்பது அடி, அங்குலத்தில். 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று தட்டினால் நிரல் அதை 5 அடி 7.2 அங்குலமாக எடுத்துக்கொள்ளும். சரியான எண் 5.5. எந்தச் சோதனையும் இந்தப் பிழையைப் பிடிக்காது, ஏனென்றால் 5.6-உம் நியாயமான அளவுதான். அடிக்கு ஒரு கேள்வி, அங்குலத்துக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாக வாங்கி, அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கூட்டுங்கள். விடையையும் 14.14 என்று விட்டுவிடாமல் 14 அடி 1¾ அங்குலம் என்று காட்டுங்கள். அப்பாவின் டேப்பில் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது.