இறுகிப்போன பழைய வைஸைக் கழற்றுவது எப்படி?

ஆனைமலை வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் பல மோட்டார் அறைகளில் அப்பன் காலத்து பெஞ்ச் வைஸ் ஒன்று துருவேறிக் கிடக்கும். அரிவாளுக்கு அரம் போடவும், குழாய் அறுக்கவும் அது வேண்டும். தண்ணீர் முறை வரும் நாளில் ஃபுட் வால்வு பழுதானால் அதன் அருமை தெரியும். அந்த அவசரத்தில் சம்மட்டியால் அடித்து வைஸை உடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வைஸின் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. உடைந்தால் சாதாரண வெல்டிங்கில் நிலைத்து ஒட்டாது. துருவோ, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் மரைக்குள் ஆப்பு வைத்ததுபோல் இறுகுகிறது. ஆகவே வலுவைவிடப் பொறுமையே பலன் தரும்.

1. வைஸை மேசையிலிருந்து கழற்றித் தலைகீழாக வையுங்கள். அடியில் திருகும், அது நுழையும் நட்டும் தெரியும். கம்பித் தூரிகையால் மண்ணையும் துருவையும் தேயுங்கள்.

2. டீசலுடன் சிறிது என்ஜின் ஆயில் கலந்து, நட்டின் இரு முனைகளிலும், தாடை நகரும் பள்ளத்திலும் விடுங்கள். காலை, மாலை இருவேளையும் மூன்று நாள் விட வேண்டும்.

3. பிறகு கைப்பிடியை முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசையுங்கள், அடுத்துத் தளர்த்துங்கள். இப்படி முன்னும் பின்னும் அசைத்தால் துரு பொடியாகும். கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டித் திருகக் கூடாது.

4. அப்போதும் அசையாவிட்டால், எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, காய்ந்த ஓலை, நார் இல்லாத வெளியிடத்தில், நட்டைச் சுற்றிலும் புளோ லாம்ப்பால் சீராகச் சூடாக்குங்கள். திருகில் தீ படக் கூடாது. நட்டு விரிந்தால்தான் பிடி தளரும். இரும்பு சிவக்க விடாதீர்கள். சூட்டின்மேல் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். ஆறிய பின் மீண்டும் எண்ணெய் விட்டு அசையுங்கள்.

5. திருகு சுற்றியும் தாடை நகரவில்லையா? நட்டைப் பிடிக்கும் போல்ட்டோ, திருகின் முன்புறப் பின்னோ போயிருக்கலாம். இழுக்காமல் அவற்றை முதலில் பாருங்கள்.

6. திருகு முழுதும் வெளிவந்ததும் முன்தாடையை நேராக உருவுங்கள். தட்ட வேண்டுமானால் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். கழற்றிய பாகங்களை வரிசை மாறாமல் சாக்கின்மேல் அடுக்குங்கள்.

துருவை நீக்கித் துடைத்து, மரையில் கிரீஸும், பள்ளத்தில் எண்ணெயும் இட்டுப் பூட்டுங்கள். வேலை முடிந்ததும் தாடைகளை இறுக மூடாமல் சிறிது இடைவெளி விடுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை எண்ணெய் இட்டால், தண்ணீர் முறை வரும் நாளில் வைஸ் உங்களைக் கைவிடாது.