உறவினனாய் வந்த காட்டேரி

முன்னுரை

தீயவன் எங்கே ஒளிந்துகொள்வான்? இக்கேள்விக்குக் கதை சொல்வோர் பலரும் தந்த விடை, பாழடைந்த கோட்டை, இருண்ட காடு, மலைக்குகை என்பனவாம். ஆனால், இரத்தம் குடிக்கும் காட்டேரியைப் பற்றிய மேலைநாட்டுக் கதைகள் சிலவற்றில் வேறொரு விடையும் உண்டு. அவன் ஒளிவதே இல்லை. எல்லோரும் காண நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறான் என்பதே அவ்விடை. ‘டார்க் ஷேடோஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டு, அதன் வில்லன் ஊர் நடுவே மறைந்து வாழ்ந்த முறையை இங்கு ஆராய முற்படுகிறேன். அவனை மறைத்தது இருளன்று. பிறர் அவனுக்குத் தந்த மரியாதையே என்பது என் கருத்து.

முன்னோடிகள்

இவ்வகை வில்லனுக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1819-இல் வெளிவந்த ஜான் பாலிடோரியின் ‘தி வாம்பயர்’ கதையில் வரும் ருத்வன் பிரபு, இலண்டன் மேன்மக்களின் விருந்துகளில் கலந்து பழகும் காட்டேரி. அவனை இன்னான் என அறிந்த இளைஞன் ஆப்ரி, தான் செய்து கொடுத்த சத்தியத்தால் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறான். 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலிலும், இலண்டன் தெருவில் தன்னை எவரும் அந்நியன் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே பிரபு ஆங்கிலப் பேச்சைப் பழகிக்கொள்கிறான். ஆக, ஊரோடு ஒத்துப்போவது காட்டேரியின் பழைய கலையே. அந்தக் கலையை நாள்தோறும் வளரும் தொடர்கதையாக்கிக் காட்டியது தொலைக்காட்சி.

தொடரும் களமும்

டான் கர்டிஸ் உருவாக்கிய இத்தொடரை ஏ.பி.சி. நிறுவனம் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, வாரத்தில் ஐந்து நாள், பிற்பகலில் அரைமணி நேரம் ஒளிபரப்பியது. மொத்தப் பகுதிகள் 1225. மெய்ன் மாநிலக் கடற்கரையில் காலின்ஸ்போர்ட் என்றொரு கற்பனை ஊர். அங்கே காலின்வுட் என்னும் மாளிகை. அதன் தலைவி எலிசபெத். முதலில் இது மர்மமும் ஆவிகளும் கலந்த குடும்பக் கதையாகவே நடந்தது. காட்டேரி உள்ளே வந்தது 1967 ஏப்ரலில்தான்.

வில்லி லூமிஸ் என்னும் சில்லறைத் திருடன், காலின்ஸ் குடும்பக் கல்லறையில் நகை புதைந்திருப்பதாக நம்பிச் சங்கிலியிட்ட சவப்பெட்டி ஒன்றைத் திறக்கிறான். உள்ளிருந்து ஒரு கை நீண்டு அவன் கழுத்தைப் பற்றுகிறது. அதன் பின்னர் ஓர் இரவு, மாளிகையின் வாசலில் கைத்தடியும் மேலாடையுமாய் ஒரு கனவான் வந்து நிற்கிறான். இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன் என்றும், பெயர் பார்னபஸ் காலின்ஸ் என்றும் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். ஜொனாதன் ஃபிரிட் என்னும் கனடா நாட்டு நடிகர் ஏற்ற வேடம் இது.

படமே சாட்சி

அம்மாளிகைக் கூடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு முன்னோர் ஒருவரின் ஓவியம் தொங்குகிறது. அவர் பெயரும் பார்னபஸ் காலின்ஸ். வந்தவன் முகமும் ஓவியத்தின் முகமும் ஒன்று. விரல் மோதிரமும் ஒன்று. நியாயமாகப் பார்த்தால் அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டிய சான்று அதுவே. ஆனால் வீட்டாரோ அதைக் கண்டு, குடும்பச் சாயல் அப்படியே இருக்கிறது என்று மகிழ்கின்றனர். உண்மைக்குச் சாட்சியாக வேண்டிய படம் பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறது.

பெயர், முகம், நயமான பேச்சு ஆகிய இம்மூன்றும் போதுமானவையாயின. குடும்பத்தின் பழைய வீட்டைத் தானே பழுதுபார்த்துக் குடியிருக்க அவன் அனுமதி கேட்கிறான், கிடைக்கிறது. அவன் பகலில் தென்படுவதில்லை. கேட்டால் அலுவல் என்கிறான். அவ்வீட்டில் மின்விளக்கு இல்லை, மெழுகுவத்திதான். பழமையில் பற்றுள்ளவர் என்று ஊர் அதையும் பாராட்டுகிறது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றுக்கும் ஊராரே ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துத் தருகின்றனர். அவன் பொய் சொல்வது சிறிது. மற்றவர்கள் அவனுக்காக நிரப்பிக்கொள்வதே பெரிது.

அறிந்தவர் நால்வர்

இத்தொடரில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இப்பகுதியே. பார்னபஸ் இன்னான் என்பதை எவரும் அறியாமல் இல்லை. அறிந்தவர் நால்வர் இருந்தனர்.

முதலாமவன் வில்லி. காட்டேரிக்கு அடிமையாகிவிட்ட அவன், அஞ்சி அஞ்சியேனும் பிறரைக் காக்க முயல்கிறான். ஆனால் திருடன் பேச்சு எங்கே எடுபடும்? மேகி என்னும் பெண்ணை எச்சரிக்க அவள் வீட்டுக்குப் போனவனைக் காவலர் சுடுகின்றனர். அவளைக் கடத்திய குற்றமும் அவன் தலையிலேயே விழுகிறது.

இரண்டாமவள் அந்த மேகி எவன்ஸ். உணவு விடுதியில் பணிபுரியும் ஏழை ஓவியரின் மகள். அவளைச் சிறைவைத்துத் தன் பழைய காதலி ஜோசெட்டாக மாற்ற முயல்கிறான் பார்னபஸ். தப்பி வந்தவளின் நினைவு குலைந்துவிடுகிறது. மீண்டும் நினைவு திரும்பும் வேளையில் மனவசிய முறையால் அது அழிக்கப்படுகிறது.

மூன்றாமவன் டேவிட் என்னும் சிறுவன். பழைய வீட்டின் நிலவறையில் சவப்பெட்டியைக் கண்டு சொல்கிறான். குழந்தையின் கற்பனை என்று பெரியவர்கள் ஒதுக்குகின்றனர். அவன் பேச்சுக்குச் செவிகொடுத்து உண்மையை எட்டிய மருத்துவர் வுடார்ட் கொலையுண்டு போகிறார்.

நான்காமவர் மருத்துவர் ஜூலியா ஹாஃப்மன். வரலாற்றாசிரியை என்று சொல்லிக்கொண்டு மாளிகைக்குள் நுழையும் இவர், தம் கைக்கண்ணாடியில் பார்னபஸின் உருவம் விழாததைக் கண்டு உண்மையை உறுதி செய்துகொள்கிறார். கல்வியும் பதவியும் உடைய இவர் ஒருவர் சொன்னால் ஊர் நம்பும். ஆனால் இவர் சொல்லவில்லை. காட்டேரித் தன்மையை ஒரு நோயாகக் கருதி, அதைக் குணப்படுத்தும் பெருமையை விரும்புகிறார். பின்னர் அவன்மீது அன்பும் கொள்கிறார். மேகியின் நினைவை அழித்தவரும் இவரே. வுடார்டின் கொலையில் உடந்தையானவரும் இவரே.

சொல்ல விரும்பியோர் சொல்லுக்கு மதிப்பில்லை. சொல்லுக்கு மதிப்புள்ளவர் சொல்ல விரும்பவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே பார்னபஸ் ஒளிந்திருந்த இடம். சவப்பெட்டி அவன் உறங்கும் இடம் மட்டுமே.

காண்போரும் ஏமாந்தனர்

சில வாரங்களே நீடிப்பதாகத் திட்டமிடப்பட்ட இப்பாத்திரம், மக்கள் ஆதரவால் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ இடைநிறுத்தமின்றி ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யப்பட்ட தொடர் ஆதலால், நடிகர்களின் தடுமாற்றங்கள் அப்படியே ஒளிபரப்பாயின. வசனத்தை நினைவுகூரத் தயங்கும் ஃபிரிட்டின் பார்வை, தனக்குரியதல்லாத காலத்தில் வந்து தவிக்கும் மனிதனின் பார்வையாகவே எனக்குத் தோன்றியது. 1967 நவம்பரில் கதை 1795-ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் சென்றது. ஏஞ்சலீக் என்னும் சூனியக்காரியின் சாபத்தால் காட்டேரியானவன் அவன் என்று தெரிந்ததும் இரக்கம் பெருகியது. நாளடைவில் அவனே கதைத்தலைவனானான். 1970-இல் கர்டிஸ் எடுத்த திரைப்படத்தில் அவன் கொடியவனாகவே மாய்கிறான். தொலைக்காட்சியிலோ அவனை இழக்கக் காண்போருக்கு மனம் வரவில்லை.

எனக்கும் அதே கதிதான். பகுதிகள் நகர நகர, அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நான் பதறியதை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக்கென்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன், மேகியை எப்போதோ மறந்துபோயிருந்தேன். காலின்வுட் கூடத்தில் ஏமாந்த குடும்பத்தோடு நானும் ஒருவனாய் அமர்ந்திருந்தேன்.

முடிவுரை

காட்டேரி என ஒன்று உலகில் இல்லை. ஆயினும், யார் சொல்வதை நாம் சான்றாக ஏற்கிறோம், யார் சொல்வதைக் கேளாமலே தள்ளுகிறோம் என்னும் கேள்வி உண்டு. நல்ல பெயரும் நல்ல உடையும் கண்டவுடன் நம் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. கிழிந்த சட்டையைக் கண்டவுடன் நம் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. கற்றோராகிய நமக்கு இதில் மற்றொரு பொறுப்பும் உண்டு. நாம் வில்லியோ டேவிட்டோ ஆகப்போவதில்லை. நம் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கும். கைக்கண்ணாடியில் உருவம் விழாததைக் கண்ட அந்த நொடியில் வாய் திறப்போமா என்பதுதான் நம் கல்விக்கு உரிய தேர்வு.